வெள்ளி அங்கி அணிந்த எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அவரைப் பொறுப்பான மூத்த பிள்ளையாகவும், துபாயில் உள்ள நண்பர்கள் வெள்ளிக்கிழமை விடுமுறைகளிலும் ஏசி திருத்த ஓடிவரும் மனிதராகவும் அறிவீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் தங்கை என்ற உரிமையில் நான் எழுத வந்தது வேறொரு அண்ணாவைப் பற்றி.

பருத்தித்துறையில் மூவரில் மூத்தவராக அண்ணா பிறந்தார். நான் நடுவில், தம்பி கடைசி. அப்பா பள்ளி ஆசிரியர். கண்டிப்பு அவருக்குச் சட்டைப்பைப் பேனா மாதிரி, எப்போதும் உடன் இருக்கும். படிப்பு முடிந்ததும் குளிரூட்டி வேலை பழகக் கொழும்புக்கு அனுப்பப்பட்ட அண்ணா, அங்கே நான்கு நண்பர்களுடன் சேர்ந்து ‘வெள்ளிக் குதிரைகள்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். எழுபதுகளில் சீமையில் கிளாம் ரொக் என்று ஒன்று கிளம்பியிருந்ததாம். மினுங்கும் உடுப்பு, உயரக் குதிச் சப்பாத்து, ஆண்கள் கண்ணில் மை. அதையே எங்கள் பிள்ளைகள் தமிழில் செய்தார்கள். பாடியவர் அண்ணா.

அவர்கள் நான்கு சிறிய இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள், பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதலாவதை அண்ணா ஆசையோடு வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் இசைத்தட்டும் போடக்கூடிய ஒரு ரேடியோகிராம் இருந்தது. அப்பா அதில் நாதஸ்வரப் பெரிய தட்டுகள் மட்டுமே கேட்பார். பிள்ளைகள் தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று, வேகம் மாற்றும் திருகின் மேல் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டி வைத்திருந்தார். அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அண்ணாவின் பாட்டைக் கேட்டோம். மாடு முனகுவது போல ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது. அப்பா பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டார்.

“உயிரோட இருக்கிற எங்களுக்கு ஏன் இவன் ஒப்பாரி வைக்கிறான்?” என்றார்.

விடுமுறைக்கு வந்த அண்ணாவிடமும், இனி இப்படி எதையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பின் வீட்டில் அண்ணா பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நாட்டு நிலைமை கெட்டுக் குழு கலைந்தது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அண்ணா துபாய் வந்தார். கொதிக்கும் வெயிலில் மொட்டை மாடிகளில் ஏறி இறங்கி எங்கள் இருவரையும் கரை சேர்த்தார். அண்ணியைக் கைப்பிடித்தார். தொழிலாளர் தங்கும் லேபர் கேம்ப்களில் ஏசி நின்றுபோனால், லீவு நாளென்றும் பாராமல் “யல்லா” என்று கிளம்பிவிடுவார்.

நானும் திருமணமாகி ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, என் கணவரின் நண்பர் தேவா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். திருகோணமலைக்காரர், துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கின் பொறுப்பாளர். லீவில் ஊர் போகும்போதெல்லாம் கொழும்பு நடைபாதைக் கடைகளில் பழைய சிறு தட்டுகளைத் தேடி வாங்குவது அவருக்குப் பைத்தியம். சாப்பிட்ட கையோடு ஒரு பெட்டியைத் திறந்தார்.

“தங்கச்சி, இதைப் பாருங்கோ. எங்கட நாட்டில கிளாம் ரொக் இருந்ததெண்டா ஆர் நம்புவினம்? நாலு தட்டும் என்னட்டக் கிடக்கு. இந்தப் பெடியள் ஆர், எவர் எண்டுதான் இண்டைக்கும் தெரியேல்லை.”

தட்டின் உறையில் ஐந்து இளைஞர்கள். நடுவில் வெள்ளி அங்கியும் கண் மையுமாக எங்கள் அண்ணா! “இது என்ர அண்ணா!” என்றேன். தேவா உடனே தட்டைச் சுழலவிட்டார். அறையே துள்ளியது. கணீரென்ற, குறும்பு நிறைந்த குரல். என் கால் என்னைக் கேளாமலே தாளம் போட்டது.

“இது அந்தப் பாட்டில்லை,” என்றேன். “எங்கட வீட்டில கேட்டது ஒப்பாரி மாதிரி இழுபட்டது.”

தேவா யோசித்தார். பிறகு இயந்திரத்தில் ஏதோ ஒரு திருகை மாற்றினார். அதே மாடு முனகியது.

“இது வேகமாச் சுத்த வேண்டிய சின்னத் தட்டு, தங்கச்சி. நீங்கள் பெரிய தட்டின்ர வேகத்தில போட்டிருக்கிறியள்!”

சிரித்தவர் என் கண்ணீரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எங்கள் வீடு அண்ணாவின் பாட்டை வெறுக்கவில்லை, ஒருநாளும் கேட்கவேயில்லை. இது தெரியாமலே அப்பா கண்ணை மூடிவிட்டார். அண்ணாவாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனம் பதைத்தது. தேவா எட்டுப் பாட்டையும் ஒரு சீடியில் பதிந்து தந்தார்.

அப்போது அம்மா விசிட் விசாவில் என்னோடு தங்கியிருந்தார். அடுத்த வெள்ளி, அண்ணா குடும்பத்தோடு சாப்பிட வந்தார். பயந்து பயந்துதான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப, அப்பா என்ர பாட்டைக் கேக்கவே இல்லையா?”

“இல்லை அண்ணா. நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அவருக்குப் பிடிக்கேல்லை எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்,” என்றார்.

சீடியைப் போட்டேன். இங்கேயே பிறந்து ஆங்கிலத்திலேயே பேசும் அண்ணாவின் மகள், “அப்பா! யூ வேர் எ ரொக் ஸ்டார்!” என்று கத்தினாள். கதிரையில் இருந்த அம்மா காதைக் கொடுத்துக் கேட்டார்.

“ஆர் பிள்ளை பாடுறது?”

“அண்ணாதான் அம்மா.”

பாட்டு முடிந்ததும், “திரும்பப் போடு,” என்றார் அம்மா. எட்டுப் பாட்டையும் கேட்டார். பிறகு அண்ணாவின் தலையைத் தடவி, “அந்த மனிசன் பிளாஸ்டரை ஒட்டிப்போட்டு என்ர பிள்ளையின்ர வாயையும் ஒட்டிப்போட்டுதே மோனை,” என்றார். அண்ணா அழுதுகொண்டே சிரித்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்குப் பின் ஷார்ஜாத் தமிழர் ஒன்றுகூடல்களில் அண்ணா இல்லாத மேடை இல்லை. பாகிஸ்தான் தையற்காரர் ஒருவரிடம் பழைய அளவிலேயே புதிய வெள்ளி அங்கி தைப்பித்தார். வயிறு இடம் கொடுக்காததால் பொத்தான் பூட்டாமலே பாடினார். பொடியன்கள் விசில் அடித்தார்கள். நான் அவர்களைவிடப் பலமாக அடித்தேன்.

நோய் வந்தபோதும் அவர் கலங்கவில்லை. மருத்துவமனையில் தாதிமாருக்கு மெல்லப் பாடிக் காட்டினார். அண்ணியின் கையைப் பிடித்தபடியே அமைதியாகப் போனார்.

அந்நாட்களில் முறை வைத்து இரத்தம் தந்த கேம்ப் சகோதரர்களுக்கும், பேப்பர் வேலைகளை ஓடி ஓடிச் செய்து அண்ணாவின் உடலை ஊருக்கு அனுப்ப உதவிய அவரது கபீலான அரபு முதலாளிக்கும், சமைத்து அனுப்பிய அயல்வீட்டு மலையாளச் சேச்சிக்கும், ஈமக்கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தேவா அண்ணருக்கு நன்றி என்ற சொல் போதாது. அவர் எட்டுப் பாட்டையும் மீண்டும் பதிந்து தந்த சீடி இம்மலரின் பின்னட்டையில் உள்ளது.

இம்மலருக்காகத் தம்பி அண்ணாவின் பெயருக்குக் கீழே ‘குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளர், துபாய்’ என்று எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். அம்மா தலையை ஆட்டினார்.

“அது அவன் எங்களுக்காகச் செய்த வேலை. பாடகன் எண்டு போடு மோனை.”

அட்டையில் அப்படியே போட்டிருக்கிறோம்.