பவானி அக்காவின் வலது கால்

பூண்டை நசுக்கிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பவானி அக்காவின் வலது காலுக்கு அவருடைய அம்மா ராமாயி அந்த எண்ணெயைத்தான் சுடச்சுடத் தேய்த்துவிடுவார். நடுச்சுவர் கூரைவரை எட்டாத லயம் என்பதால், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும் வாசனையோடு சேர்ந்து எங்கள் பக்கம் வரும்.

அக்கா கொழுந்து எடுப்பவர். ஆனால் அவருக்கு உயிர் ஓட்டத்தில்தான் இருந்தது. ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் "பெரட்டு"க்கு மற்றவர்கள் போர்த்திக்கொண்டு கிளம்பும் முன்பே, அவர் பனியில் வெறுங்காலோடு டவுன்வரை இறங்கி ஓடி, மூச்சு வாங்காமல் மேலே ஏறி வந்திருப்பார். சித்திரைப் புத்தாண்டுக்கு டவுனில் நடக்கும் மரதன் ஓட்டத்தில் பெண்களில் அவர்தான் முதலாவது. எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் துணி துவைத்தது அக்கா பரிசாக வாங்கிவந்து கொடுத்த பேசினில்தான்.

வேலையாட்களை ஏற்றிப்போன தோட்டத்து டிராக்டர் பெட்டி ஒருநாள் வளைவில் கவிழ்ந்து, அக்காவின் கால் அதற்கடியில் நசுங்கியது. பக்கத்திலேயே கொழுந்து லொறி நின்றது. அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "கொழுந்து வெந்து போயிரும், மொதல்ல ஃபெக்டரியில இறக்கிட்டு வரட்டும்" என்றார். கடைசியில் ஆண்கள் ஒரு கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அக்காவைப் போட்டு டவுன்வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கொழுந்துக்கு இருந்த அவசரம் ஒரு மனுஷியின் காலுக்கு இல்லாமல் போனது.

கம்பி வைத்துக் காலைச் சேர்த்த டாக்டர், நொண்டியாவது நடந்தால் பெரிய காரியம் என்று சொல்லி அனுப்பினார். தோட்டமும் பெரிய மனசு பண்ணி "லேசு வேலை" கொடுத்தது. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் உட்கார்ந்தபடி பைகளுக்கு மண் நிரப்பும் வேலை அது. ஆனால் அக்கா கம்பை ஊன்றி நடந்து, பிறகு கம்பை எறிந்துவிட்டு நடந்து, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டார். ஓடுவது தெரிந்தால் லேசு வேலை போய்விடும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்டாக்கையாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளைகள் நாங்கள் "அக்கா, பால் வாங்கியாச்சா?" என்று கத்துவோம், அக்கா அந்த நிமிஷமே நொண்ட ஆரம்பித்துவிடுவார். அந்த நொண்டலைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்தச் சித்திரைக்கு மரதனில் பேர் கொடுக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னதும் ராமாயி கத்தியது லயம் முழுக்கக் கேட்டது.

"ஊர் பாக்க ஓடிக் காட்டிட்டு, நாளைக்கு மேமலைச் சரிவுல கொழுந்தெடுக்கக் கூடையத் தூக்கிட்டுப் போகப்போறியாடி?"

"கால் என்னோடதும்மா. தோட்டத்தோடது இல்ல."

அக்கா ஓடினார். முதலாவதாக வரவில்லை, எல்லோரும் வந்து சேர்ந்து வெகுநேரம் கழித்து, முகமெல்லாம் வேர்த்து, கோட்டைத் தாண்டினார். டவுனே எழுந்து கை தட்டியது. அப்போது மேடையில் இருந்த எங்கள் தோட்டத்து மேனேஜர் பெரிய தொரை இறங்கி வந்து அக்காவுக்கு மாலை போட்டார். தோட்டம் கவனித்த கவனிப்பில்தான் இந்தப் பெண் எழுந்து ஓடுகிறாள் என்று மைக்கில் வேறு பேசினார். கம்பளியில் தூக்கிப் போன ஆண்கள் கூட்டத்தில்தான் நின்றார்கள்.

லீவு முடிந்த முதல் பெரட்டில் கண்டாக்கையா சொன்னார்: "ஓடுற காலுக்கு என்னா லேசு வேலை? மேமலைக்குப் போ." தொழிற்சங்கத்தின் தோட்டத்துத் தலைவரிடம் முறையிட்டோம். பேசுகிறேன் என்றார், பேசிக்கொண்டேதான் இருந்தார். வழுக்கும் சரிவில் கூடை பாரத்தோடு ஏறி இறங்கி, அந்த மழைக்காலத்திலேயே அக்காவின் கால் பானையாக வீங்கியது. டிராக்டர் பறித்த ஓட்டத்தை அக்கா மீட்டுக்கொண்டார்; பெரட்டு பறித்ததை மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓடவேயில்லை.

போன சித்திரைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தவறணை இருந்த இடத்தில் காடு மண்டிக் கிடக்கிறது. கொழுந்து லொறி போன ரோட்டில் பாதியை மழை கொண்டுபோய்விட்டது. மரதன் மட்டும் நடக்கிறது, விளையாட்டுச் சப்பாத்து போட்ட டவுன் பிள்ளைகளோடு. எங்கள் தோட்டத்தில் ஓடக்கூடிய பெண்பிள்ளைகள் இல்லாமல் இல்லை. "பவானிக்கு நடந்தது மறந்துபோச்சா?" என்று கேட்டே தாய்மார் அவர்களை அடக்கி வைத்திருக்கிறார்கள். தொரைகள் மாறினார்கள், கண்டாக்கையா செத்தும் போனார், அந்தப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தலை நரைத்துப்போன பவானி அக்கா ரோட்டு வளைவில் கம்பை ஊன்றி, கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். ஓடி வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்தார்.

"நம்ம தோட்டத்துப் புள்ள ஏதாச்சும் வருதா பாரு" என்றார் என்னிடம்.

கடைசிப் பெண்ணும் எங்களைத் தாண்டிப் போகும்வரை பார்த்தேன். ஒருத்தியும் வரவில்லை.