வக்கீலுக்குச் சொன்ன பதில்

நர்சம்மா அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்று, அவளுக்கு முன்னால் இருந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆளுதான் படுத்துட்டாரு. வாய் படுக்கல."

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்ட வக்கீல் அவர். கோர்ட்டுக்குப் போக முடியாத குறையை நர்சம்மாவிடம் தீர்த்துக்கொண்டார். அவள் கழுத்துச் சிலுவை கண்ணில் பட்டதும் குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"உங்க ஆண்டவர் இரக்கமுள்ளவர்தானே? அப்புறம் ஏன் என் கால் இப்படிக் கிடக்குது?"

முதலில் அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். பாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வந்துகூடச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் நார்நாராகக் கிழித்துப்போட்டார். ஒருவரைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டே அவரிடம் தோற்பதைப் போன்ற அலுப்பு வேறில்லை. போகப்போக "ம்" கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் காலையிலேயே இரண்டாவது முறையாகப் படுக்கை நனைந்துவிட்டது. இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க, அவரைப் புரட்டி விரிப்பை உருவினாள். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"உன் புருஷன் உன்னை அம்போன்னு விட்டுட்டுப் போனானாமே. அப்ப உன் ஆண்டவர் தூங்கிட்டா இருந்தாரு?"

அந்த வீட்டுச் சமையல்காரம்மாவிடம் அவள் மனம் விட்டுச் சொன்னது இங்கே வந்து சேர்ந்திருந்தது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: 'உங்க மகன் மாடியிலதானே இருக்காரு? ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாரா?' அந்த ஒரு கேள்வியில் வக்கீல் நொறுங்கிப்போவார். அதனாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஆண்டவரே, என்கிட்ட இப்ப கெட்ட வார்த்தைதான் இருக்கு. நல்லதா ஒண்ணு குடு."

எதுவும் வரவில்லை. தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. சிலுவையில் அறைவதற்கு முன் விசாரணையில் நின்ற இயேசு வாய் திறக்காமல் இருந்ததை அவள் பெரிய வீரம் என்றே இதுவரை நினைத்திருந்தாள். ராத்திரி முழுக்க அலைக்கழித்திருந்தார்களே, அவருக்கும் அலுத்துத்தான் போயிருக்குமோ என்று இன்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மூச்சு கொஞ்சம் சீராயிற்று.

திரும்பி வந்து உலர்ந்த விரிப்பை விரித்தாள்.

"நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலைங்க ஐயா. எனக்கும் கோபம்தான். ஆண்டவர்கிட்டயே போய்ச் சண்டை போடுறேன்."

"சண்டையா? என்னன்னு?"

"எல்லாம் கேட்பேன். வெளிய சொன்னா அசிங்கம்."

வக்கீலின் ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அவள் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"படுக்கையை நனைச்சது எனக்கே கேவலமா இருந்துச்சும்மா. அதான் உன் மேல பாய்ஞ்சேன்."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா பேசாம போனே?"

"பேசினா ரெண்டு பேருக்கும் தாங்காதுங்க ஐயா."

அதற்குப் பிறகும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. வக்கீல் ஆண்டவரை விட்டபாடில்லை. நர்சம்மாவின் புருஷனை மட்டும் அவர் மறுபடி கூண்டில் ஏற்றவில்லை. தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் வக்கீலுக்காக ஜெபிக்க ஆரம்பிப்பாள். பாதி ஜெபத்திலேயே தூங்கிவிடுவாள்.