கைமாறிய கெட்டில்

பிப்ரவரி 9, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து டிகாஷன் இறக்கினேன். வாரத்துக்கு வேண்டிய காய்கறியை நறுக்கி டப்பாக்களில் அடைத்தேன். ஆபீஸ் புடவைகளை இஸ்திரிக்குப் போட்டேன். குளித்துவிட்டு வந்து பத்து மணிக்குத்தான் போனைக் கையில் எடுத்தேன் — ஞாயிறன்று அதுதான் வழக்கம்.

ஒரு கம்பெனியிடமிருந்து இங்கிலீஷில் மெசேஜ். 'நீங்கள் வாங்கிய எலக்ட்ரிக் கெட்டில், தண்ணீர் கொதித்த பிறகும் தானாக அணையாமல் போகலாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். மாற்றித் தருகிறோம்.' மோசடியோ என்று கம்பெனியின் வெப்சைட்டில் தேடினேன். அங்கேயும் அதே அறிவிப்பு.

ஆனால்... என் வீட்டில் எலக்ட்ரிக் கெட்டிலே கிடையாதே!

யோசித்தபோது நினைவுக்கு வந்தது. நாத்தனார் சித்ரா மாட்டுங்காவில் ஃபிளாட் வாங்கியபோது கிரகப்பிரவேசத்துக்கு நான் கொடுத்தது. எதை வாங்கினாலும் அன்றைக்கே என் நம்பரில் ரிஜிஸ்டர் செய்துவிடுவேன். பரிசுப் பொருளைக்கூட விடவில்லை.

போன் செய்தேன்.

“சித்ரா, நான் கொடுத்த கெட்டில் இருக்கோன்னோ?”

“பேஷா இருக்கு மன்னி! தினம் அதுலதான் டீ. உங்களை நினைச்சுக்காத நாளே இல்லை.”

“அதைக் கவுத்துப் பாரு. அடியில நம்பர் இருக்கும், படி.”

“அது... மேல லாஃப்ட்ல இருக்கு மன்னி.”

“தினம் டீ போடறேன்னியே? லாஃப்ட்ல ஏறியா போடறே?”

மெசேஜைப் படித்துக் காட்டினேன். அப்புறம்தான் உண்மை வந்தது. அவளிடம் ஏற்கெனவே ஒரு கெட்டில் இருந்ததாம். என்னுடையதை வீட்டு வேலைக்கு வரும் செல்விக்குக் கொடுத்துவிட்டாளாம். தாராவியில் செல்வியோடு இருக்கும் மகள் ஜெயாவுக்குப் போன மாதம்தான் பிரசவம். குழந்தைக்கு வெந்நீர் அந்தக் கெட்டிலில்தான்!

சித்ராவை எப்படிக் குறை சொல்வது? வந்த பரிசை இன்னொருவருக்குத் தள்ளிவிடாத வீடு உண்டா? கொடுத்தவர் விசாரித்தால் 'தினமும் உபயோகிக்கிறோம்' என்று சொல்வதுதானே நம் மரியாதை! 'கெட்டில் நன்றாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்திருந்தால்...?

சித்ரா உடனே செல்வியைக் கூப்பிட்டாள். சற்று நேரத்தில் அழாத குறையாக எனக்குத் திரும்பப் போன் செய்தாள். “'குடுத்ததத் திருப்பிக் கேக்கியளே'ன்னு கட் பண்ணிட்டா மன்னி. இப்ப எடுக்கவே மாட்டேங்கறா.”

நான் இருக்கும் செம்பூரிலிருந்து ஆட்டோ சயானோடு நின்றுவிடும். சித்ரா அங்கே காத்திருந்தாள். அங்கிருந்து தாராவிக்கு இருவரும் நடந்தோம். ஓடினோம் என்றே சொல்லலாம்.

செல்வியின் வீடு ஒற்றை அறை. பாயில் ஜெயாவின் பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஓர் எட்டுத் தள்ளி, ஜன்னல் திரையை ஒட்டிய ஸ்டூலில் கெட்டில் — பிளக் மாட்டியபடியே.

செல்வி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “எக்கா, நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்? நீங்களாத்தான கூப்பிட்டுத் தந்திய. இப்ப ஆள் கூட்டிட்டு வந்து நிக்கிய.”

“திருப்பிக் கேக்கல செல்வி. தீப்பிடிக்குமாம்” என்றாள் சித்ரா.

“இம்புட்டு நாளு பிடிக்கல. ஞாயித்துக்கெழம பாத்துத்தான் பிடிக்கப் போவுதாக்கும்?”

நான் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. செல்வியின் தோளைத் தாண்டிப் போனை ஜெயாவிடம் நீட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ் வரும் என்று வழியில் சித்ரா சொல்லியிருந்தாள். ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு எழுந்து, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள்.

“அம்மா, சச் மே, நிஜமாத்தான். கம்பெனிக்காரனே போட்டிருக்கான், தீப்பிடிக்கும்னு.”

செல்வி உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கோபம் இறங்கவில்லை. திசை மட்டும் மாறியது.

“வென்னி போடுறது நாங்க. மெசேஜு மட்டும் உங்களுக்கா? எங்களுக்கு ஏன் அனுப்பல?”

தன் கெட்டிலைக் கொடுப்பதாகச் சித்ரா சொன்னாள். “அதுக்கும் நாளைக்கு மெசேஜ் வருமாக்கா?” என்றாள் செல்வி. ஜெயா சிரித்துவிட்டாள். சித்ராவால் சிரிக்க முடியவில்லை.

கெட்டிலை நான் எடுத்து வரவில்லை. வயரைச் சுற்றிக் கட்டி, கம்பெனி மாற்றித் தரும்வரை இருக்கட்டும் என்று ஜெயாவே பரண்மேல் வைத்தாள். அடியிலிருந்த நம்பரைப் போட்டோ எடுத்து, ஜெயாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் செல்வியின் கேள்விதான். பொருள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டே இருக்கிறது. எச்சரிக்கையோ, முதலில் வாங்கியவரின் போனிலேயே நின்றுவிடுகிறது. நம்மிடம் இப்போது இல்லையே என்று அதை டெலீட் செய்ய எவ்வளவு நேரமாகும்? இப்படி ஏதாவது வந்தால், தயவுசெய்து அந்தப் பொருள் இப்போது யார் கையில் என்று தேடிப் போங்கள். உங்களிடமே இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள் — அவர் துடைத்து வேறொருவருக்கு விற்பார். கம்பெனியிடமே திருப்பிக் கொடுங்கள். இனி எதையாவது யாருக்காவது கொடுத்தால், பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

திங்கள் காலை, கஸ்டமர் கேர் திறந்ததும் முதல் போன் என்னுடையதுதான். “ஓனர் நீங்கதானே மேடம்?” என்றாள் அந்தப் பெண்.

“இல்லை” என்று சொல்லி, ஜெயாவின் நம்பரைக் கொடுத்தேன்.