அக்கா பாதியில் நிறுத்திய பாட்டு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. "சாந்தமே உருவானவர்" என்று நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். எழுத மாட்டேன். அக்கா சாந்தமானவர் இல்லை. அவர் வாயை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில் பிறந்தார். ஆறு வயதில் பாட்டு கற்க ஆரம்பித்தார். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். சாந்தோமில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஒரே மகனை ஒற்றை ஆளாக வளர்த்தார். பகலில் வகுப்பு, சாயங்காலம் கச்சேரி. நடுவில் பஸ்ஸில் நின்றபடியே கவிதை எழுதுவார், ராகமும் தாமே போடுவார்.

அதுதான் பலருக்கு உறுத்தியது. அடுத்தவர் எழுதியதைப் பெண் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். சொந்தப் பாட்டென்றால் கடைசியில், மங்களத்துக்கு முன், மூன்று நிமிஷம். அதற்குள் பாதி சபை கேண்டீனில் இருக்கும். "ஆத்துல பாடிக்கோடி, சபையில எதுக்கு?" என்று எங்கள் பெரியப்பாவே கேட்டார்.

ஒரே ஒருமுறை, லஸ் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கில், தம் கவிதையையே கச்சேரியின் பிரதானப் பாட்டாக எடுத்தார் அக்கா. லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும் பெண்ணின் பாட்டு, முகாரியில்.

"குடத்தை வரிசையில் வைத்தேன்,
என்னை எங்கே வைத்தேன்?"

முன்வரிசையில் சபாவின் காரியதரிசி நெளிந்தார். "தண்ணி லாரிக்கெல்லாம் முகாரியா? ஜனம் எழுந்து போயிண்டிருக்கு. தெரிஞ்ச பாட்டா ஒண்ணு பாடச் சொல்லுங்கோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதை எழுதிய சீட்டு மேடைக்குப் போனது. அக்கா படித்துப் பார்த்தார். பல்லவியோடு நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டொன்றைப் பாடினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அதே காரியதரிசி இரங்கல் கூட்டத்தில் "தமிழிசைக்குப் பேரிழப்பு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்காவோட ஒரு பாட்டையாவது முழுசா கேட்டிருக்கேளா?" என்று எழுந்து கேட்டேன்.

கேட்க எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அன்றைக்கு அந்தக் காரியதரிசியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டை எழுதியவள் நான்தான். பேனா என்னிடம்தான் இருந்தது. அக்காவுக்கு என் கையெழுத்து தெரியாதா? போன மாதம் அவர் பாட்டு நோட்டைத் திறந்தோம். நிறுத்திய வரி இருக்கும் பக்கத்தில் அந்தச் சீட்டு இருந்தது. அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருக்கலாம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, என்மேலேயே.

அக்கா படுக்கையில் கிடந்த நாட்களில் அடையாற்றிலிருந்து தினமும் வந்து பாடிக் காட்டிய மாணவி வசந்திக்கும், வேளை தவறாமல் மருந்து வாங்கிவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூட்டத்தில் கண்ணைத் துடைத்தவர்களுக்கு நன்றி கிடையாது.

இன்று காரியங்கள் முடிந்ததும் வசந்தி அந்தப் பாட்டைப் பாடுவார், முழுவதும். நாற்பது நிமிஷம் ஆகும். சாப்பாட்டு இலை அதற்குப் பிறகுதான். யாரும் சீட்டு அனுப்ப வேண்டாம். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.