சைக்கிள் பெட்டியில் மிச்சமிருந்த இடம்

ராயப்பராஜ் சார் ஓய்வு பெற்ற மறுவாரமே இறுக்கமான கறுப்புக் காற்சட்டையும் ஹெல்மெட்டுமாகத் தெருவில் இறங்கினார். திண்டுக்கல் கோட்டைக்குளத்துப் பக்கம் அந்தத் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. முப்பது வருஷம் பிள்ளைகளை விசில் ஊதி ஓடவிட்ட பி.டி. வாத்தியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் சிரித்தார்கள். அவர் மனைவி புஷ்பமேரி மட்டும், "இத்தன வருசம் நின்ன எடத்துல நின்னு ஊதுனாரு. இப்பவாவது அவரு ஓடட்டுமே" என்றாள்.

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து, அப்பாவின் கனத்த சைக்கிளில் அரைப்பெடல் அடித்துப் பள்ளிக்கூடம் போனவர் அவர். இப்போது ஓட்டுவது மகள் ஷைனி வாங்கிக் கொடுத்த ரேஸ் சைக்கிள். ஷைனி நர்சிங் முடித்து, ஜெர்மன் பாஷை படித்து, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கென்று எடுத்தது அது. கார்பன் சட்டம், முன்சக்கரத்தை இரண்டு கால்களால் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கும் கார்பன். ஒற்றைக் கையால் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். காலையில் வத்தலக்குண்டு ரோட்டில் செம்பட்டி வரை போய் ஒரு டீ குடித்துத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சிறுமலை வளைவுகளில் ஏறுவார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. ஷைனிக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை. ரொனால்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். தவழ ஆரம்பித்த வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். காய்ச்சல் கண்ட அன்று காலையில்தான் புஷ்பமேரி பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றியிருந்தாள். சாரைப் பெற்றவள், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "சளி கட்டியிருக்கு, தலைக்கு ஊத்தாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?" என்று அழுதாள். குளிப்பாட்டியதற்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னது யார் காதில் ஏறியது? அதற்குப் பிறகு குழம்பில் உப்புக் கூடினாலும், கொடியில் காய்ந்த துணி மழையில் நனைந்தாலும், புஷ்பமேரி "என்னாலதான்" என்றாள். சோற்றைப் பிசைந்தவள் அப்படியே நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை அதிலிருந்து மீட்டுக்கொண்டுவர வருஷங்கள் ஆயின. இனி இவள் தலையில் ஒரு பழியும் விழ விடுவதில்லை என்று சார் அப்போதே வைராக்கியம் வைத்துக்கொண்டார். நல்ல வைராக்கியம்தான். அதுவே அவருக்கு வினையாக வந்து முடிந்தது.

போன கோடையில் ஷைனிக்குத் தலைப்பிரசவம். பிள்ளைத்தாய்ச்சி அவ்வளவு தூரம் வர முடியாதென்பதால் தாய்வீடு அங்கே கிளம்பியது. "மாமா, இங்க சைக்கிளுக்குன்னே தனி ரோடு இருக்கு. சைக்கிளக் கொண்டாந்துருங்க, கோடை முழுக்க ஓட்டலாம்" என்று மருமகன் டோனி போனில் சொன்ன நாளிலிருந்து சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளைப் பார்க்கப் போகிறாரா, ரோட்டைப் பார்க்கப் போகிறாரா என்று புஷ்பமேரி கேலி செய்தாள். மதுரையில் ஒரு சைக்கிள் கடையில் கெஞ்சி அட்டைப்பெட்டி வாங்கிவந்தார். சக்கரங்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பழைய சேலைகளைச் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோலச் சைக்கிளை உள்ளே வைத்தார். பிறகு கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பயண ஆசீர் வாங்கி வரப் புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் புஷ்பமேரி பெட்டியைப் பார்த்தாள். சைக்கிள் எடை ஒன்றுமே இல்லை. விமானத்தில் அனுமதித்த எடையில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. நம் ஊர்ப் பெண் யாராவது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, பூண்டு என்று பேறுகாலச் சாமான் முழுதும் உள்ளே போயிற்று. மிக்ஸியில் அரைத்தால் மருந்து முறிந்துவிடும் என்பது அவள் கட்சி. ஆகவே பூண்டும் மிளகும் இடிக்கிற கல்லுரலைத் துண்டில் சுற்றி, ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் அசையாமல் இருக்கும்படி செருகி, பெட்டியை ஒட்டி மூடிவிட்டாள். பெட்டி இப்படிக் கனக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, விமானத்தில் ஏறிய பிறகுதான், "மருந்துச் சாமான் செத்த உள்ள வச்சிருக்கேன்" என்றாள். பொடிப் பொட்டலங்கள்தானே என்று அவரும் தலையாட்டினார்.

டோனியின் வீட்டு நிலவறையில் தனியாக நின்று பெட்டியைத் திறந்தபோதுதான் அவர் உரலைப் பார்த்தார். துண்டு அவிழ்ந்து கிடந்தது. ஃபோர்க்கின் இடது காலில் உள்பக்கமாக நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. விரல் முட்டியால் தட்டினார். மற்ற இடத்தில் டக்கென்று கேட்ட சத்தம் அங்கே சொத்தென்று கேட்டது. இரும்பென்றால் பற்றவைக்கலாம். கார்பன் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், ஓட்டினால் எந்த நிமிஷமும் முறியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மேலே புஷ்பமேரி மகளின் வயிற்றைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சார் அந்தச் சிரிப்பைக் கேட்டார். கறுப்பு டேப் எடுத்து விரிசல்மேல் சுற்றினார். உரலைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, "பத்திரமா வந்துருச்சு" என்றார்.

சைக்கிளை ஓட்டாமல் இருந்திருக்கலாம். முதுகு பிடித்துக்கொண்டது என்றோ, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ ஒரு பொய் போதும். ஆனால் கடல் தாண்டிக் கொண்டுவந்த சைக்கிள் சும்மா நின்றால் அவள் துருவித் துருவிக் கேட்பாள் என்று பயந்தார். ஓட்டும் ஆசையும் விடவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே ஆற்றோரச் சமதரையில் மட்டும், நடக்கிறவர்களே முந்திப்போகிற வேகத்தில் உருட்டினார். "இதுக்கா இத்தன தூரம் தூக்கியாந்தீங்க?" என்று புஷ்பமேரி சிரித்தாள். மலையடி ஊர் அது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே இறக்கம். அந்தப் பக்கம் மட்டும் அவர் சைக்கிளைத் திருப்பவே இல்லை.

ஷைனிக்கு வலி எடுத்ததும் டோனியும் புஷ்பமேரியும் அவளைக் காரில் கூட்டிப் போனார்கள். சார் வீட்டில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "ஏங்க, பேத்தி! நம்ம ரொனால்டு மூக்கு அப்படியே இருக்கு! ஓடியாங்க!" என்று புஷ்பமேரி கத்தினாள். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லை. சார் அழுதுகொண்டே சைக்கிளை எடுத்தார். டேப் சுற்றிய இடமோ விரிசலோ அவர் நினைவில் இல்லை. இறக்கத்தில் சிறுமலைக்காரன் மாதிரி குனிந்து இறங்கினார். கடைசி வளைவில் பிரேக் பிடித்தபோது ஃபோர்க் முறிந்தது.

முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேத்தி பிறந்த ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மாடி தள்ளிக் கிடந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, நாய் குறுக்கே வந்தது என்றார். விழுந்த வேகத்தில் ஃபோர்க் முறிந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த ஊரு நாயெல்லாம் கயித்துலதான போகுது?" என்றாள் புஷ்பமேரி.

"ஒண்ணு அவுந்துக்கிட்டு வந்துச்சு."

அதன் பிறகு அவள் அந்த நாயைத் திட்டாத நாளில்லை. திண்டுக்கல்லுக்கு வந்து முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்த பிறகும் திட்டினாள். மலஜலம் எடுக்கும்போதும், படுக்கைப்புண் வராமல் புரட்டும்போதும், வீடியோவில் பேத்தி சிரிக்கும்போதும் நாய்க்குச் சாபம் விழுந்தது. இல்லாத நாய் எத்தனை சாபம் வாங்கினால் என்ன என்று சார் பேசாமல் கிடந்தார். பழி தன்மேல் இல்லை என்பதால்தான் அவளால் இத்தனை பாடும் பட முடிகிறது என்று நம்பினார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சாதனை அதுதான்.

இந்தக் கோடையில் அவருடைய பழைய மாணவி தேவதர்ஷினி வந்தாள். மாநில அளவில் சைக்கிள் பந்தயம் ஜெயித்தவள். இத்தாலியில் ஒரு முகாமில் மூன்று மாதம் தங்கி மலைச்சாலைகளில் பழக அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. சைக்கிளைப் பிரித்துக் கட்டச் சாரை விட்டால் ஆளில்லை என்று, சைக்கிளும் பெட்டியுமாக அம்மா மூக்காயியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சார் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார், தேவதர்ஷினி செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் பழைய அதட்டல் வந்தது. "அந்த மரைய இறுக்காத. கையி என்ன மம்பட்டியா பிடிக்குது?" என்று அவர் சத்தம் போட, அவள் சிரித்தாள்.

பெட்டியை மூடப் போகும் நேரத்தில் மூக்காயி பையிலிருந்து ஓர் இரும்புத் தோசைக்கல்லை எடுத்தாள். "ரொட்டியத் தின்னுட்டு எப்புடி மலை ஏறுவா? இத எங்கயாச்சும் வைங்க, அக்கா."

"தாராளமா வைக்கலாம்," என்றாள் புஷ்பமேரி. "நாங்க கல்லுரலே கொண்டுபோனோம். ஒரு கீறல் விழல." தோசைக்கல்லை வாங்கித் துணியில் சுற்றி, ஃபோர்க்கின் கால்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துச் செருகினாள்.

சார், "எடை கூடிரும், வேணாம்" என்றார்.

"இன்னும் எம்புட்டோ போகும், நான் பாத்துட்டேன்."

"ஏர்போர்ட்ல பிடிப்பாங்க."

"நம்மள யாரு பிடிச்சா? நீங்க செத்த சும்மா இருங்க."

தேவதர்ஷினி டேப்பை இழுத்து ஒட்ட ஆரம்பித்தாள். இருபது வயதுப் பெண். அவள் இறங்கப் போவது சிறுமலையைவிடப் பெரிய மலைகளில். சார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வீடே அதிரும்படி, "அந்தக் கல்ல வெளிய எடு!" என்று கத்தினார்.

தேவதர்ஷினி டேப்பைக் கீழே வைத்தாள்.

"ஃபோர்க்கு விரிஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நா இறக்கத்துல முறிஞ்சிரும்." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எனக்கு அப்படித்தான் முறிஞ்சுச்சு."

தேவதர்ஷினி கல்லை எடுத்துத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். புஷ்பமேரி அசையவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள்போல, "அந்த நாயி?" என்றாள்.

"நாயே கெடையாது, புஷ்பம்."

பெட்டியை மூடிக் கட்டினார்கள். புஷ்பமேரி வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். தேவதர்ஷினியின் நெற்றியில் சிலுவை போட்டு, "பாத்து எறங்கு, தாயி" என்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரமாகியிருந்தது.

"அங்க போயிப் பெட்டியத் தொறந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏறுனீங்க."

"நீ மறுபடியும் பழையபடி ஆயிருவன்னு பயந்தேன்."

புஷ்பமேரி அவர் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். கண்ணில் நீரில்லை, முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது.

"சொல்லியிருந்தா நாலு நாளு அழுதிருப்பேன்," என்றாள். "அம்புட்டுத்தானங்க. நாலு நாளு அழுதிருப்பேன்."

அவள் அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட ஆரம்பித்தாள்.