ஒரே சீராகத் தேய்ந்த கேஜ்

மைக்ரான்காரர் என்றால் அந்தத் தொழிற்பேட்டையில் வாயில் காவலர் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர், நாற்பது வயதில் ஆறு கடைசல் லேத்தும் முப்பது ஆட்களுமாகச் சொந்தப் பட்டறை வைத்தார். யாரும் கை தூக்கிவிடவில்லை, தானாக எழுந்தார். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு மைக்ரான். பத்து மைக்ரான் மேடு பள்ளம் இருந்தால் கட்டைவிரல் நகத்தை ஓட்டியே சொல்லிவிடுவார். நம்பாதவர்கள் கருவியை வைத்து அளந்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

அப்படிப்பட்டவர் ஒன்றை மட்டும் யார் கண்ணிலும் காட்டியதில்லை. அது அவருடைய அலுவலக பீரோவின் அடித்தட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது.

அது ஒரு கேஜ். விரல் நீளத்து எஃகு உருளை. புஷ் என்கிற இரும்பு வளையத்தின் துளையைச் சோதிக்க அதன் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டிய முனை போகவில்லையென்றால் துளை சின்னது, சரக்கு தேறாது. சின்னக் குழந்தைக்கும் விளங்கும் சங்கதி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டிய பம்பு கம்பெனி ஒன்று ஒரே வரைபடத்தை மூன்று நாட்டுப் பட்டறைகளுக்கு அனுப்பியது. யாருடைய சரக்கு குறையில்லாமல் முதலில் வந்து சேர்கிறதோ, நிரந்தர ஆர்டர் அவர்களுக்கு. மைக்ரான்காரர் மீசையை நீவிக்கொண்டார். "அங்கெல்லாம் கம்ப்யூட்டர் கடையுது. இங்க நான் கடையறேன். பாத்துடலாம்" என்றார்.

அப்போது பட்டறையின் தர ஆய்வாளர், அவருடைய தம்பி மகள். பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். வெளிநாட்டு வேலை கிடைத்தும், "பெரியப்பா பட்டறையிலயே இருக்கேன்" என்று வந்தவள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளைக் காட்டி, "நம்ம வீட்டுச் சரக்கு. வெளிய விடுவேனா?" என்று பீற்றிக்கொள்வார்.

கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் அவள் நாலாயிரம் புஷ்ஷையும் நிறுத்தி வைத்தாள்.

"பெரியப்பா, கேஜ் உள்ள போகல. பன்னெண்டு மைக்ரான் குறையுது. துளை சீவுற ரீமர் தேஞ்சுபோச்சு."

"பன்னெண்டா? கொசு மீசை அதைவிடத் தடிமன்மா."

"கொசு மாட்டப்போற துளையில்லையே பெரியப்பா, பம்புத் தண்டு மாட்டணும்."

"இந்த வாய் உங்கப்பனோடது இல்ல. என்னோடது" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் 'அனுப்பக் கூடாது' என்று பெட்டிகளில் ஒட்டிய சிவப்புச் சீட்டைக் கிழிக்கவில்லை. புது ரீமர் வந்து சேரப் பத்து நாள் ஆகும்.

"சரி, தெரிஞ்ச பட்டறையில ரீமர் இருக்கு. வாங்கி மறுபடி ஓட்டிடறேன். நீ வீட்டுக்குப் போ, ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்க" என்றார். அவர் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. அப்படியொரு ரீமரும் இல்லை. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கேஜை லேத்தில் பிடித்து ஓட்டினார். எமரித் தாள் என்கிற உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, போக வேண்டிய முனையை இழைத்தார். நாலாயிரம் புஷ்ஷைச் சரிசெய்ய வேண்டியவர் ஒரே ஒரு கேஜைச் சரிசெய்தார். பதினைந்து மைக்ரான். மேடு பள்ளம் கிடையாது, கோடு கிடையாது, கண்ணாடி மாதிரி. வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனாலும் அந்த மாதிரி இழைக்க இன்னொரு கை கிடையாது.

மறுநாள் அவள் கேஜைப் போட்டுப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"எப்படிப் பெரியப்பா முடிச்சீங்க?"

"இதுக்குத்தானே நான் இருக்கேன்."

அவரை நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் நாலாயிரமும் திரும்பி வந்தன. ஒன்றில்கூடத் தண்டு நுழையவில்லையாம். மைக்ரான்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது குடும்பம், இத்தனை வருஷத்துப் பேர் என்று என்னென்னவோ நினைத்தார். கடைசியில் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கடிதம் அடிக்கச் சொன்னார். 'கேஜ் தேய்ந்திருப்பதை ஆய்வாளர் கவனிக்கவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.' அடியில் தன் கையெழுத்தை அழகாகப் போட்டார்.

அவளிடம் சொன்னபோது அவள் கேஜை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் அளந்து, விளக்கு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதமே வெளிநாடு.

அவளை நீக்கிய அன்று சாயங்காலமே தம்பி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அவளைப் படிக்க வெச்சதே நீங்கதாண்ணே. உங்க பேரையே கெடுத்துட்டா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"விடுறா, சின்னப் பொண்ணு" என்றார் மைக்ரான்காரர். அந்த மூன்று சொல்லை விழுங்கிக்கொள்ள முடிந்திருந்தால் ஆறு லேத்தையும் கொடுத்திருப்பார்.

கம்பெனி கடிதத்தை நம்பி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. இந்த முறை ஒழுங்காகச் செய்து நிரந்தர ஆர்டரைப் பிடித்தார். வாசலில் 'தரமே எங்கள் உயிர்' என்று ஆளுயரப் பலகை வைத்தார்கள். அதற்கடியில் போகும்போதெல்லாம் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவார்.

போன மாதம் அந்தக் கம்பெனியின் தணிக்கை அதிகாரி, தமிழ் தெரிந்தவர், பட்டறையைப் பார்க்க வந்தார். இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து வைத்தார். அதே கடிதம்.

"இவங்க உங்க தம்பி பொண்ணுதானே? எங்க தரப் பிரிவுக்குத் தலைவர் தேடறோம். எல்லா நாட்டுலயும் சலிச்சு எடுத்ததுல கடைசியா மூணு பேர். அதுல இவங்க ஒருத்தர்."

"எங்க வீட்டுப் பொண்ணாச்சே!" என்று வாய் முந்திக்கொண்டது.

"ஆனா இந்த லெட்டர் இடிக்குதுங்க. கேஜையே பாக்காதவங்களை அந்த நாற்காலியில எப்படி உக்கார வெக்கிறது? சாயங்காலம் நான் அறிக்கை அனுப்பணும். சொந்தப் பொண்ணுன்னும் பாக்காம நீக்கினீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும்."

பாராட்டு என்றால் மார்பை நிமிர்த்துகிறவர், "டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்து வெளியே போனார். கம்ப்ரஸருக்குப் பின்னால் நின்று அவளுக்குப் போன் போட்டார்.

"என்ன பெரியப்பா, அதிசயமா இருக்கு?"

"அம்மா... அந்தக் கேஜை இழைச்சது நான்தாம்மா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தை அவள் நிறுத்துவது கேட்டது.

"தெரியும்."

"தெரியுமா?"

"புழங்கித் தேஞ்சா நுனியிலதான் அதிகமா தேயும். அது முழுக்க ஒரே சீரா தேஞ்சிருந்துச்சு. அப்படி இழைக்கிற கை நம்ம பட்டறையில ஒண்ணுதானே பெரியப்பா."

ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த கை. அதுவே அன்றைக்கு அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம் வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "வேலையில நிக்கிறேன், வெச்சுடறேன்" என்றாள்.

அவர் திரும்பிப் போய் பீரோவைத் திறந்து, எண்ணெய்த் துணியை அதிகாரியின் முன்னால் பிரித்தார். அதிகாரி கேஜை நுனியிலும் நடுவிலும் அடியிலும் அளந்தார்.

"மூணு இடத்துலயும் பதினஞ்சு மைக்ரான் கம்மி."

"பாத்தீங்களா, ஒரு மைக்ரான்கூட..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் பண்ணதுங்க. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல."

"இதை எழுதிக் கொடுத்தா உங்க ஆர்டர் நின்னுபோகும். தெரியுமில்ல?"

"தெரியும். பேனா குடுங்க."

குமாஸ்தாவைக் கூப்பிடவில்லை. எழுத்துப் பிழையோடு நாலே வரி, தன் கையாலேயே எழுதினார்.

பத்து நாளில் சப்ளையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. பட்டறையின் எல்லாக் கேஜையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கிய பிறகே மறுபடி பேசலாம் என்றிருந்தது. அடியில், தரப் பிரிவுத் தலைவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அண்ணே, கேட்டீங்களா! அத்தனை நாட்டு ஆளுங்களையும் தள்ளிட்டு ஜெயிச்சுட்டாண்ணே! அன்னிக்கு நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சீங்களே, அதாலதான் தலை நிமிர்ந்தா."

வேறு யாராக இருந்தாலும் மைக்ரான்காரர் அந்தப் பெருமையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்.

"உக்காருடா" என்றார். எமரித் தாளிலிருந்து கடிதம் வரை, ஒன்று விடாமல் சொன்னார்.

 தம்பி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப நான் அன்னிக்கு எதுக்குண்ணே கும்பிட்டேன்?"

அண்ணன் எழுந்து கையைக் கூப்பினார். தம்பி அதைப் பார்க்க நிற்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் அந்தப் பலகையைத் தாண்டித் தெருவுக்குப் போன பிறகும், கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று மைக்ரான்காரருக்குத் தெரியவில்லை.