உப்பில்லாத சாம்பார்

சென்னைப் புறநகரில் ஏரி உடைந்து தெருவெல்லாம் வெள்ளம். தரைத்தளம் மூழ்கிய வீட்டில் அம்மா தனியாக மாட்டிக்கொண்டாள். அவள் போனும் உயிரை விட்டிருந்தது. கடல் தாண்டி இங்கே செங்காங்கில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் உதவி கேட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முன்பின் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: "அக்கா, என் மச்சான் அந்த ஏரியாவுலதான் போட் ஓட்டுறாரு. அட்ரஸ் அனுப்புங்க."

தனியாக இருக்கும் வயதானவள், கழுத்தில் சங்கிலி, பீரோவில் நகை. முகவரியைத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? இந்த ஊரில் லிஃப்டுக்குப் பக்கத்தில்கூட மோசடி எச்சரிக்கை ஒட்டியிருக்கும். ஆளை நேரில் பார்த்தால்தான் தருவேன் என்றேன். தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார்.

சந்தைக்கு அருகே புல்வெளியில் நண்பர்களோடு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிறாராம். வேலை அட்டையைக் காட்டச் சொன்னேன், காட்டினார். சிரித்த முகம். ஏமாற்றுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபமா? சாப்பிடுறீங்களாக்கா?"

பேச்சை மாற்றுகிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் வேறு வழியில்லாமல் முகவரியைச் சொன்னேன். சொன்ன பிறகு பயம் இரண்டானது. வெள்ளத்துக்கு ஒன்று, இவருக்கு ஒன்று.

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மச்சானிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எங்கள் மாடிப்படியின் கம்பிக் கதவருகே படகு நின்றது. கதவுக்கு உள்ளே அம்மா, பூட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி. தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டியிருந்தது.

"வாங்கம்மா, தண்ணி ஏறுது" என்றார் மச்சான்.

"யாரு நீ? போயிடு!"

யாரையும் நம்பாதே, குரலைக்கூட நகலெடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் ஓதியது நான்தான். இரண்டு கைகளாலும் அவர் போனைப் பறித்துக்கொண்டேன்.

"நான்தாம்மா! கதவைத் திற!"

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "அப்படியே என் பொண்ணு மாதிரியே செஞ்சு வச்சிருக்கீங்க. எங்க, பதில் சொல்லு பார்ப்போம். என் சாம்பார் எப்படி இருக்கும்?"

இப்படியொரு நாள் வந்தால் கேட்பதற்கென்று நாங்கள் பேசி வைத்திருந்த கேள்வி அது. ஏமாற்ற வருபவன் நிச்சயம் புகழ்வான் என்பது எங்கள் கணக்கு.

"உப்பே இருக்காதும்மா! வாயில வைக்க முடியாது!" தேக்காவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

பூட்டு திறந்தது.

மச்சான் அம்மாவைக் கைத்தாங்கலாகப் படகில் உட்காரவைத்து, தோளில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி அவளுக்கு ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு அதற்குள் தெம்பு திரும்பிவிட்டது. "அது யாரு போனு? பக்கத்துல யாரு? கண்டவங்களையும் நம்பாதே, கைப்பையைப் பத்திரமா வச்சுக்கோ!"

சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது. கூசிப்போய்ப் பையைத் தேடினேன். கக்கத்தில் இல்லை. அந்தத் தம்பி அதைத் தன் மடியில் வைத்து, விரலில் இருந்த பிரியாணி எண்ணெய் படாமல், புறங்கைகளால் அணைத்துப் பிடித்திருந்தார்.